தோப்பி (நெற்கள்)

தோப்பி என்பது சங்க இலக்கியங்களில் குறிப்பிடப்படும், வீட்டில் சமைக்கப்பட்ட ஒரு வகைக் கள் ஆகும். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் வரும் தோப்பிக்கு, நெல்லால் செய்த கள் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறுகிறார். இக்காலத்தில் கள் என்றால் பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ இறக்கப்படும் பானமே நினைவுக்கு வரும். சங்க நூல்களில் அச்சொல் தேன், பழம், தானியம், மரச்சாறு ஆகிய எதிலிருந்தும் நொதிக்க வைத்துப் பெறப்பட்ட பானங்களுக்குப் பொதுப்பெயராக இருந்தது. இவற்றுள் தானியத்திலிருந்து செய்யப்பட்ட கள், செய்முறை அடிப்படையில், பியர் வகையைச் சேர்ந்தது.

தானியக் கள் சமைக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை ஏறத்தாழ எட்டு அடிகளில் படிப்படியாகக் கூறுகிறது. முளைகட்டிய தானியத்தைக் கொண்டு சோற்றில் உள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் அம்முறை, இங்கிலாந்தில் 'பிட்டர்' எனப்படும் கசப்பு ஏலைத் தானியத்திலிருந்தே வீட்டில் சமைப்போர் பின்பற்றும் முறையுடன் அடிப்படையில் ஒத்ததாகும். தமிழகத்தின் பழைய மதுவகைகளைப் பற்றி எழுதுவோர் பலரும் பனங்கள்ளோடு நின்றுவிடுவதால், இவ்வொற்றுமை போதிய கவனம் பெறவில்லை.

பெயர்கள்

கள்ளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களில் சில, செய்முறையிலிருந்தே பிறந்தவை. அரித்து (வடிகட்டி) எடுக்கப்படுவது அரியல். பிழிந்து எடுக்கப்படுவது பிழி. அடியில் கசடு தங்கி மேலே தெளிந்து நிற்பது தேறல். நறவு, மட்டு என்பன பொதுவாக வழங்கிய பிற பெயர்கள். மரத்திலிருந்து சொட்டும் கள்ளைப் பிழிய வேண்டியதில்லை என்பதால், பிழி என்ற சொல் முதலில் தானியக் கள்ளுக்கோ பழக் கள்ளுக்கோ உரியதாக இருந்திருக்கலாம். ஆயினும் பட்டினப்பாலை பனங்கள்ளையும் பிழி என்றே சொல்வதால், சங்க காலத்திலேயே இச்சொல் பொதுமைப்பட்டுவிட்டது என்பது தெளிவு.

தோப்பி என்ற சொல்லும் நெற்கள் ஒன்றுக்கே உரியதன்று. அகநானூற்றின் 348-ஆம் பாடலில் குறவர்கள் மாம்பழம், பலாச்சுளை, தேன் ஆகியவற்றை மூங்கிற் குழாயில் இட்டு முற்றவிட்டுப் பெறும் பானமும் தோப்பி எனப்படுகிறது. அதன் கடுமை பாம்பின் சீற்றத்துக்கு ஒப்பிடப்படுகிறது. ஆகவே தோப்பி என்பதை 'வீட்டில் சமைத்த கள்' என்று கொள்வதே எல்லா இடங்களுக்கும் பொருந்தும். கையில் கிடைத்த பொருளைப் பொறுத்து அது சமவெளியில் நெல்லாகவும் மலையில் பழமாகவும் தேனாகவும் அமைந்தது.

பெரும்பாணாற்றுப்படையில் தோப்பி வரும் இடம் குறிப்பிடத்தக்கது. பகைவர் நாட்டில் புகுந்து ஆநிரையைக் கவர்ந்து வரும் வீரர்கள், அந்நிரையைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்க்கின்றனர். பின்னர் வீட்டில் சமைத்த தோப்பியைப் பருகி, மன்றத்தில் காளையை அறுத்து உண்டு, தண்ணுமை ஒலிக்க ஆடுகின்றனர். விலைக்கு வாங்கும் கள், வீட்டில் சமைக்கும் கள் என இரண்டும் ஒரே ஊரில் அருகருகே இருந்ததை இப்பகுதி காட்டுகிறது.

செய்முறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லுமாறு ஒரு பாணனை வழிப்படுத்துவது இந்நூல். வழியில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குச் சுட்ட மீனோடு கள் கிடைக்கும் என்று சொல்லுமிடத்தில் (275-ஆம் அடி முதல்) செய்முறை இடம்பெறுகிறது. அதன் படிகள் பின்வருமாறு.

முதலில், குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். இது துழவை எனப்படுகிறது. இக்களியை வாயகன்ற பிழா என்னும் தட்டில் பரப்பி ஆறவிடுகின்றனர். ஆறிய பின் நல்லடை என்ற பொருளை அதில் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றனர். பிறகு உறுதியான வாயையுடைய சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை முற்றவைக்கின்றனர். கடைசியில் விரல்களால் அலைத்துப் பிழிந்து வடிக்கின்றனர். இவ்வாறு கிடைப்பதே நறும்பிழி.

ஒவ்வொரு படிக்கும் இன்றைய உயிர்வேதியியலில் தெளிவான விளக்கம் உண்டு. மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர் சர்க்கரையை மதுசாரமாகவும் கார்பனீரொக்சைட்டாகவும் மாற்றவல்லது. ஆனால் அரிசியில் இருப்பது சர்க்கரையன்று, மாப்பொருள். மதுவத்தால் மாப்பொருளை நேரடியாக உண்ண இயலாது. பனங்கள்ளில் இச்சிக்கல் எழுவதில்லை. பாளையிலிருந்து வடியும் சாற்றிலேயே சர்க்கரை இருப்பதால், கலயத்தில் விழுந்த உடனேயே அது நொதிக்கத் தொடங்கிவிடும். தானியத்திலிருந்து மது வேண்டுமாயின் மாப்பொருளை முதலில் சர்க்கரையாக உடைத்தாக வேண்டும். உலகெங்கும் இதற்கு மூன்று வழிகளே பெருவழக்காக இருந்துள்ளன. அவை தானியத்தை முளைகட்டி அதிலுள்ள நொதியங்களைப் பயன்படுத்துதல், பூஞ்சணம் வளர்த்து அதன் நொதியங்களைப் பயன்படுத்துதல், வாயால் மென்று உமிழ்நீரின் நொதியங்களைப் பயன்படுத்துதல் என்பன. முதலாவது ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும், இரண்டாவது கிழக்காசியாவிலும் இமயமலைப் பகுதிகளிலும், மூன்றாவது தென்னமெரிக்காவிலும் மிகுதியாகக் காணப்படுவன.

விதை முளைக்கும்போது கரு ஒரு வளர்ச்சி இயக்குநீரைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் விதையின் புறப்படலத்தில் அமைலேசு என்னும் நொதியம் உருவாகி, சேமிப்பில் உள்ள மாப்பொருளை உடைத்து இளஞ்செடிக்கு உணவாக்குகிறது. முளைவிட்ட தானியத்தை உரிய நேரத்தில் உலர்த்தி இடித்தால், நொதியம் அழியாமல் மாவில் தங்கிவிடும். இதுவே மால்ட் எனப்படுவதாகும். கெட்டியான கஞ்சியில் முளைகட்டிய கேழ்வரகு மாவைச் சிறிதளவு கலந்து வைத்தால், சற்று நேரத்தில் கஞ்சி நீர்த்துச் சிறிது இனிப்பதைக் காணலாம். குழந்தை உணவு தயாரிப்பில் இன்றும் பயன்படும் இத்தன்மைதான் தானியக் கள்ளின் அடிப்படை.

அரிசியை முதலில் களியாக்குவதற்கும் காரணம் உண்டு. அரிசியின் மாப்பொருள் வாற்கோதுமையின் (பார்லி) மாப்பொருளைவிட உயர்ந்த வெப்பநிலையில்தான் நெகிழ்ந்து கூழாகும். அவ்வெப்பத்தில் நொதியங்கள் விரைந்து சிதைந்துவிடும். எனவே அரிசியைத் தனியே வேகவைத்து, ஆறிய பின்னரே முளைமாவைச் சேர்க்க வேண்டும். அரிசி சேர்த்துப் பியர் தயாரிக்கும் இன்றைய ஆலைகளும் அரிசியைத் தனிக் கொப்பரையில் வேகவைத்த பின்னரே மால்ட்டுடன் கலக்கின்றன. வாயகன்ற பிழாவில் பரப்புவது என்ற சிறு குறிப்பு, புலவர் இதை நேரில் கண்டவர் என்று எண்ண வைக்கிறது. தடித்த களி ஆழமான பானையில் எளிதில் ஆறாது. நடுவில் சூடு தங்கினால் சேர்க்கும் நொதியமும் மதுவமும் கெடும்.

தீட்டாத அரிசியைக் கூறியிருப்பதும் தற்செயலாக இருக்க முடியாது. தவிட்டில் உள்ள புரதமும் உயிர்ச்சத்துகளும் மதுவம் செழிக்க உதவுபவை. மதுவம் எங்கிருந்து வந்தது என்பதை நூல் சொல்லவில்லை. இது வியப்பன்று. முளைதானியத்தின் மேற்புறத்திலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்படும் மண்சாடியின் நுண்துளைகளிலும் மதுவம் இயல்பாகவே தங்கியிருக்கும். மதுவம் ஓர் உயிரி என்பதே 19-ஆம் நூற்றாண்டில்தான் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

நல்லடை என்பது எது

இச்செய்முறையின் உயிர்நாடி நல்லடை என்ற பொருளே. அதன் மேற்புறம் பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போலப் பூத்திருக்கும் என்று நூல் வருணிக்கிறது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. நச்சினார்க்கினியர் நல்லடையை முளை என்று கொண்டு, அதனை இடித்துக் கலந்ததாக உரை கூறுகிறார். முளைவிட்ட நெல்லைக் கிளறாமல் குவியலாக வைத்திருந்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, குவியல் முழுவதும் ஒரே அடையாகிவிடும். அதன் மேற்புறத்தில் வெண்ணிற வேர்களும் முளைகளும் துருத்தி நிற்கும் தோற்றம் புற்றாஞ்சோற்றோடு ஒப்பிடத்தக்கதே.

எனினும் வேறொரு பொருளுக்கும் இடமுண்டு. புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் தம் கழிவைக் கொண்டு கட்டி, அதன்மேல் பூஞ்சணம் வளர்க்கும் கடற்பஞ்சு போன்ற கூடு. பூஞ்சணம் படர்வதைத் தமிழில் 'பூத்தல்' என்றே சொல்வது வழக்கம். சார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி மக்கள் அண்டியா என்ற அரிசிக் கள்ளைச் சமைக்க, அரிசி மாவையும் மூலிகைகளையும் பிசைந்து உருட்டிப் பூஞ்சணம் படரவிட்டு உலர்த்திய ராணு என்ற வில்லையைப் பயன்படுத்துகின்றனர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கிண்வம் என்ற நொதிப்பொருளை உளுந்து, அரிசி முதலியவற்றைக் கொண்டு செய்யுமாறு கூறுகிறது. நல்லடையும் இத்தகைய பூஞ்சண அடையாக இருந்திருந்தால், தமிழகத்து நெற்கள் ஐரோப்பிய ஏலைவிடக் கீழை நாட்டு அரிசி மதுக்களுக்கே நெருங்கிய உறவாகும்.

இரண்டில் உரையாசிரியர் கொண்ட பொருளே வலுவானது. அர்த்தசாத்திரத்திலும் பழங்குடியினர் வழக்கிலும் இன்றியமையாததாக உள்ள மூலிகைச் சேர்க்கை, இங்கு ஒரு சொல்லாலும் குறிக்கப்படவில்லை. நெல்லை முளைகட்டுவதோ, நாற்றங்காலுக்கு விதைக்கும் எந்த உழவரும் அறிந்த செயல். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி ஒரு நாள் வைத்திருந்து முளைவிட்ட பின் விதைப்பது இன்றுவரை தொடரும் வழக்கம். இன்னும் சில நாள் வளரவிட்டால் அது கள்ளுக்கான முளையாகிவிடும். நச்சினார்க்கினியர் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படுபவர், அதாவது நூலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின் வந்தவர் என்பதையும் மறப்பதற்கில்லை. ஈரத்தில் நாட்பட்ட முளையில் பூஞ்சணமும் படரும் என்பதால், இரு வழிகளும் நடைமுறையில் கலந்திருக்கவும் கூடும்.

ஆங்கிலேயக் கசப்பு ஏலுடன் ஒப்பீடு

பிட்டர் என்பது 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிர்நிற ஏலுக்கு மக்கள் வழங்கிய பெயர். பொதுவாக அதில் நூற்றுக்கு 3.5 முதல் 4.5 விழுக்காடு வரை மதுசாரம் இருக்கும். இதனை வீட்டில் தானியத்திலிருந்தே சமைப்போர், ஏறத்தாழ 23 லீட்டருக்கு நான்கு கிலோகிராம் வெளிர் மால்ட்டை எடுத்து உடைக்கின்றனர். நிறத்துக்காகவும் சுவைக்காகவும் சில நூறு கிராம் வறுத்த பளிங்கு மால்ட் சேர்ப்பதுண்டு. உடைத்த மால்ட்டை வெந்நீரில் கரைத்து 65 முதல் 68 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்கின்றனர். வெப்பம் குறைந்தால் நொதிக்கக்கூடிய சர்க்கரை கூடி ஏல் நீர்த்த சுவை பெறும். வெப்பம் கூடினால் நொதிக்காத மாச்சர்க்கரைகள் மிகுந்து தடித்த சுவை பெறும். மூன்று பாகை வேறுபாட்டில் பானத்தின் தன்மையே மாறிவிடும் என்பதால் இப்படியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகின்றனர்.

பின்னர் இனிப்பான சாற்றை வடித்து, சக்கையை வெந்நீரால் அலசி, சாற்றை ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைக்கின்றனர். கொதிக்கும்போது ஹாப்சு என்ற கொடியின் பெண்பூங்கொத்துகள் சேர்க்கப்படும். பகிள், கோல்டிங்சு என்பன பிட்டருக்கு மரபாகப் பயன்படும் ஹாப்சு வகைகள். தொடக்கத்தில் இடுவது கசப்புக்கும் இறுதியில் இடுவது மணத்துக்கும் ஆகும். கொதித்த சாற்றை விரைவாக ஏறத்தாழ 20 பாகைக்குக் குளிர்வித்து, ஏல் மதுவத்தைச் சேர்த்து ஒரு வாரம் நொதிக்க விடுகின்றனர். பின்பு புட்டியிலோ பீப்பாயிலோ அடைத்துச் சில வாரங்கள் முற்ற வைக்கின்றனர்.

தோப்பிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஹாப்சு. அது கசப்பை மட்டும் தருவதன்று, புளிக்கச் செய்யும் பற்றுயிர்களை (பாக்டீரியா) ஒடுக்கி ஏலை நாட்பட வைத்திருக்கவும் உதவுவது. இங்கிலாந்தில் ஹாப்சு பரவியது 15-ஆம் நூற்றாண்டு முதல்தான். அதற்கு முன் அங்கு ஏல் எனப்பட்டது, ஹாப்சு இல்லாமல் வீட்டுப் பெண்கள் சமைத்து, புளிக்கும் முன் சில நாட்களுக்குள் குடித்துத் தீர்த்த கலங்கலான பானமே. பெரும்பாணாற்றுப்படையின் நறும்பிழிக்கு இன்றைய பிட்டரைவிட அந்தப் பழைய ஏலே நெருங்கியது.

மற்றொரு வேறுபாடு தட்பவெப்பத்தைச் சார்ந்தது. ஏல் மதுவம் 18 முதல் 21 பாகை வெப்பத்தில் நன்கு செயற்படும். 30 பாகைக்கு மேல் அது உயர் மதுசாரங்களையும் கடும் மணங்களையும் உண்டாக்கும். செஞ்சி போன்ற ஊர்களில் கோடையில் பகல் வெப்பம் 38 பாகையை எளிதில் தாண்டும். அங்கு ஒரு வாரம் நொதிக்க விடும் முறை பொருந்தாது, இரண்டு நாளில் நொதித்து விரைவில் பருகப்படும் பானமே பொருந்தும். ஐரோப்பிய முறைப் பியர் ஆலைகள் தென்னிந்தியாவில் நீலகிரி, பெங்களூர் போன்ற குளிர்ந்த இடங்களில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றியதற்கும் இதுவே காரணம். அவ்வாறான ஐந்து ஆலைகளை இணைத்து 1915-இல் தாமசு லீசுமன் யுனைட்டெட் புரூவரீசு நிறுவனத்தைத் தொடங்கினார்.

செஞ்சி வட்டாரமும் கள்ளும்

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சி, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டிய கோட்டையால் அறியப்படுவது. 2025 சூலையில் மராட்டியப் படை நிலப்பரப்புகளுள் ஒன்றாக இக்கோட்டை யுனெசுக்கோ உலக மரபுக்களப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோட்டைக்குள் உள்ள பெரிய நெற்களஞ்சியம் இன்றும் பார்வையாளரைக் கவர்வது. ஆனால் தோப்பியின் காலம் கோட்டைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

அக்காலத்தில் இவ்வட்டாரம் இரண்டு ஆற்றுப்படை நூல்களின் நிலப்பரப்புகளுக்கு இடையில் அமைந்திருந்தது. கிழக்கே திண்டிவனத்தைச் சூழ்ந்திருந்தது ஓய்மானாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. மேற்கே செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட பல்குன்றக் கோட்டம் இருந்தது. அதன் தலைவன் நன்னனைப் பாடுவது மலைபடுகடாம். செஞ்சிப் பகுதி பிற்காலக் கல்வெட்டுகளில் பல்குன்றக் கோட்டத்துச் சிங்கபுர நாடு என்று குறிக்கப்படுகிறது. செஞ்சிக்கு அருகில் குடைவரைக் கோயில் உள்ள சிங்கவரம் அப்பெயரை நினைவூட்டுகிறது.

மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் முற்றிய தேன் கள்ளைக் கூறுகிறது. சிறுபாணாற்றுப்படை, கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்தில் நுளையர் பெண் வடித்த பழைய தேறலைப் பரதவர் தருவதைக் கூறுகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதி எனக் கருதப்படுகிறது. இங்கும் கள்ளை வடிப்பவர் பெண் என்பது இங்கிலாந்தின் பழைய நிலையோடு ஒத்துப்போகிறது.

கள் பருகுவதற்கு மட்டுமன்றிப் படையலுக்கும் உரியதாக இருந்தது. அகநானூற்றின் 35-ஆம் பாடலில், போரில் வீழ்ந்தவரின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டித் துடி முழக்கித் தோப்பியும் ஆட்டுப்பலியும் படைக்கின்றனர். செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்கள் பலவற்றில், ஆநிரைப் பூசலில் இறந்த வீரனின் உருவத்துக்கு அருகில் கெண்டி என்ற மூக்குள்ள கலமும் சிமிழும் செதுக்கப்பட்டுள்ளன. அக்கெண்டி வீரனுக்குப் படைத்த கள்ளைக் குறிப்பது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின் இலக்கியம் சொல்லும் வழக்கம் சில நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இப்பகுதியில் நிலைத்திருந்தது எனலாம்.

வழக்கொழிதல்

தானியக் கள் எப்போது மறைந்தது என்பதற்கு ஒரே விடை கூற இயலாது. காரணங்கள் சில தெளிவாகவே உள்ளன. சமண, பௌத்த அறங்கள் கள்ளைக் கடிந்தன. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே (93) ஒதுக்கியது. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்று, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் கல்வெட்டைக் கொண்டது. மேல்சித்தாமூர் இன்றும் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். இவ்வட்டாரத்தில் சமணத்தின் செல்வாக்கு நீண்டகாலம் வலுவாக இருந்தது.

அறநெறியைவிடப் பொருளியல் காரணம் வலுவானதாகத் தோன்றுகிறது. நெற்கள்ளுக்கு உணவாகும் நெல்லைச் செலவிட வேண்டும், விறகு வேண்டும், முளைகட்டுவது முதல் பிழிவது வரை ஒரு வாரத்துக்கு மேல் உழைப்பு வேண்டும். பனைக்கு நீர் பாய்ச்சவும் வேண்டியதில்லை. ஏறத் தெரிந்தவர் இருந்தால் நாள்தோறும் கள் கிடைக்கும். பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் கள்ளிறக்குதலின் மீதான ஈழப்பூட்சி என்ற வரி குறிக்கப்படுவது, மரக்கள் அக்காலத்தில் வரி விதிக்கத்தக்க அளவில் பெருகியிருந்ததைக் காட்டுகிறது.

சட்டநிலை

வீட்டில் மது சமைப்பதை அரசு கட்டுப்படுத்துவது பழமையானது. அர்த்தசாத்திரம் மது உற்பத்தியை அரசின் கண்காணிப்பில் வைத்தாலும், குடும்பத்தினர் சடங்குகளின்போது வெண்சுரையைத் தாமே செய்துகொள்ள இசைகிறது. விழாக்களுக்கு நான்கு நாள் விலக்கும் அளிக்கிறது. இங்கிலாந்தில் 1880 முதல் வீட்டில் பியர் சமைக்க உரிமம் தேவைப்பட்டது. 1963-இல் அவ்விதி நீக்கப்பட்ட பின்னரே அங்கு வீட்டில் ஏல் சமைத்தல் பரவலான பொழுதுபோக்காயிற்று.

தமிழ்நாட்டில் நிலை வேறு. இராசகோபாலாச்சாரியார் அரசு கொண்டுவந்த 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்து, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் விரிந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, பின் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981-இல் கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டு, 1987 சனவரி 1 முதல் மூடப்பட்டன. அச்சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது மட்டுமன்றி, அதற்கான பொருள்களையும் கருவிகளையும் வைத்திருப்பதும் குற்றம். சிறிய அளவில் சொந்தப் பயன்பாட்டுக்கு என்ற விலக்கு பியருக்கோ நெற்கள்ளுக்கோ இல்லை. செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதியாகையால் அங்கு வேறு சட்டம் நடைமுறையில் உள்ளது. கள் தடையை நீக்கக் கோரும் உழவர் அமைப்புகளின் கோரிக்கை பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் பற்றியது, தானியக் கள் அவ்விவாதத்தில் இடம்பெறுவதில்லை.

வீட்டில் நொதிக்கவைக்கும் கள்ளும் கள்ளச்சாராயமும் ஒன்றாகவே பேசப்படுவதால், இரண்டின் வேறுபாடு இங்கு அறியத்தக்கது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் நச்சுச்சாராயத்தால் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்விறப்புகளுக்குக் காரணம் நொதித்தல் அன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் கலந்து விற்கப்பட்டதே. மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் பின்னர் உயிரையும் அழிக்கும். தானியம் நொதிக்கும்போது மெத்தனால் மிகமிகச் சிறிதளவே உண்டாகும். அது பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து பிறப்பது. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பை விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு வாழ்நாள் சிறை வரை தண்டனை உயர்த்தப்பட்டது.

எஞ்சியுள்ள வழக்கங்கள்

மதுவாக அன்றி உணவாக, தானியத்தை நொதிக்க வைக்கும் பழக்கம் இவ்வட்டாரத்தில் தொடர்கிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவிட்டு மறுநாள் நொய்யுடன் காய்ச்சும் கூழ், ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றப்படுகிறது. பழைய சோற்றின் நீராகாரமும் இவ்வகையினதே. இவற்றில் முதன்மையாகச் செயற்படுவன லாக்டிக் அமிலப் பற்றுயிர்கள் ஆதலால் புளிப்பு உண்டாகிறதே தவிர மதுசாரம் குறிப்பிடத்தக்க அளவில் உண்டாவதில்லை. மதுசாரம் உண்டாகும் மரபுவழி நொதித்தல், சித்த, ஆயுர்வேத அரிட்டங்களில் மட்டும் சட்டத்துக்கு உட்பட்டு நடைபெறுகிறது. அவற்றில் நொதித்தலைத் தூண்டக் காட்டாத்திப்பூ சேர்க்கப்படுகிறது.